உயிரோடு சேர வேண்டிய இரத்தம்

குழந்தையின் வளர்ச்சி குன்றியிருக்கக் கண்டால் டாக்டர் குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதித் தருவதுண்டு. மனித உயிரணுவில் உள்ள 46 குரோமோசோம்களுக்கு மேல் 21-வது ஒன்று மிகுந்திருப்பதே டவுன் நோய்க்குறிக்குக் காரணமென 1959-ல் அறியப்பட்டது.

இப்பரிசோதனைக்கான இரத்தம் உயிரோடு போய்ச் சேர வேண்டும். அவித்த நெல்லை நாற்றங்காலில் தெளித்தால் முளைக்குமா? அதுபோலவே, மடிந்த வெள்ளணுக்கள் ஆய்வுக்கூடத்தில் பெருகமாட்டா. அங்கே அவற்றைச் சுமார் 72 மணி நேரம் வளர்த்து, பிளவுபடும் தறுவாயில் நிறுத்தியே குரோமோசோம்களை எண்ணுகிறார்கள். (வளரத் தூண்டும் பொருள் ராஜ்மாப் பயற்றிலிருந்து கிடைப்பது!)

ஆகவே, சோடியம் ஹெப்பாரின் உள்ள குழாயிலேயே இரத்தத்தை எடுத்தல் வேண்டும். பனிக்கட்டியின்மேல் வைத்தலும் வெயிலில் கிடத்தலும் ஆகா. இரண்டு நாட்களுக்குள் சேர்ப்பித்தல் அவசியம். விடுமுறைக்கு முந்திய தினம் எடுத்துத் தாமதமானால், கூலியிழந்து வந்த தாய் மறுபடியும் குழந்தையைத் தூக்கி வர நேரும். உடன் செல்லும் பஞ்சாயத்து அங்கத்தினர், குழாயின்மேல் பெயரும் எடுத்த நேரமும் எழுதியாயிற்றா என்று கேட்கக் கூசவேண்டியதில்லை.