கிக் டிரம்முக்கு எந்த மைக்?

டிரம்ஸ் வாசிப்பவரின் காலருகே தரையோடு படுத்திருக்கும் பெரிய டிரம்தான் கிக். பெடலை மிதித்தால் பீட்டர் போய்த் தோலில் அடிக்கும். பாட்டுக் கேட்கையில் நெஞ்சில் வந்து ‘தம்’ என்று விழுவது அதுதான். ரெக்கார்டிங் வேலையில் இருப்பதால், இதற்கு எந்த மைக் வாங்கலாம் என்று இளம் டிரம்மர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “பாடுற மைக்கையே வச்சா என்னண்ணே?” என்பார்கள். வைக்கலாம், ஆனால் ‘தம்’ போய் ‘டப்’தான் மிஞ்சும். 22 அங்குல கிக்கின் கனம் ஏறக்குறைய 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பாடகர்களுக்கான டைனமிக் மைக் பெரும்பாலானவற்றில் அந்தப் பகுதியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பார்கள்.

இன்னொரு சங்கடம், காற்று. கிக்கை அடிக்கும்போது கிளம்பும் அழுத்தம் மென்மையான மைக்கைக் கெடுத்துவிடும் என்று லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஒரு காலத்தில் விதியே இருந்தது: மைக்கை டிரம்முக்கு மிக அருகே கொண்டுபோகக் கூடாது. 1966-ல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு வந்த 20 வயது எஞ்சினியர் ஜெஃப் எமெரிக் அந்த விதியை மீறினார். ரிங்கோ ஸ்டாரின் கிக்குக்குள், நான்கு கழுத்து வைத்துப் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்றைத் திணித்து, ஏகேஜி டி20 மைக்கைச் சில அங்குலத்தில் நிறுத்தினார். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில் கேட்கும் அந்த இறுகிய அடி அப்படி வந்தது. இன்று எல்லா ஸ்டுடியோவிலும் கிக்குக்குள் தலையணை கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

இப்போது கடையில் கிடைப்பவற்றில் ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 மூன்றும் கிக்குக்கென்றே செய்தவை. இவை எதுவும் உள்ளதை உள்ளபடி தருவதில்லை. கீழே கனத்தையும் மேலே பீட்டரின் ‘டிக்’கையும் தூக்கி, நடுவில் அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கும் பகுதியைத் தணிக்கின்றன. டி6-ல் இது மிக அதிகம்; ராக், மெட்டலுக்கு வைத்த உடனே பொருந்தும், ஜாஸுக்கு எனக்கு ஒப்பவில்லை. வானொலி அறிவிப்பாளர்கள் விரும்பும் எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, டிரம்மின் சொந்தக் குரலை அதிகம் மாற்றாமல் தருகிறது. நல்ல தோலும் நல்ல சுருதியும் உள்ள கிக் கிடைத்தால் நான் எடுப்பது இதைத்தான்.

மைக்கின் பெயரைவிட அது நிற்கும் இடம் அதிகம் பேசும். உள்ளே பீட்டர் படும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோனால் ‘டிக்’ ஏறும். முன்தோலின் ஓட்டை வாயில் நிறுத்தினால் கனம் கூடும். இரண்டு அங்குலம் நகர்த்தினாலே வேறு டிரம் போலாகிவிடும். கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடுமுன் மைக் ஸ்டாண்டைத் தொடுங்கள்.

கிக்கைத் தனியாகக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தனியே பிரமாதமாக அதிரும் மைக், பேஸ் கிடார் சேர்ந்ததும் அதோடு மோதிக் குழம்பிவிடும். பேஸ் அடியில் தவழும் பாட்டென்றால் கிக்குக்கு ‘டிக்’ வேண்டும்; பேஸ் மேலே ஓடினால் கிக் கீழே இறங்கலாம்.

ஆகவே முதலில் தோலை மாற்றிச் சுருதி சேருங்கள். பிறகு இரண்டு மைக்கை வாடகைக்கு எடுத்து, உங்கள் டிரம்மில், உங்கள் பேஸ்காரரோடு வாசித்துப் பாருங்கள். வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.