துண்டுக்குள் பேரம்: இன்டர்நெட்டில் யார் கண்ணிலும் படாமல் விசாரிப்பது எப்படி?

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பேரம் பேசும் இருவரின் கைகளும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும், என்ன கேட்டார், என்ன விலைக்கு முடிந்தது என்பது மூன்றாமவருக்குத் தெரியாது. இந்த விலை வெளியே தெரிந்தால் அடுத்த மாட்டின் பேரம் கெட்டுவிடும் என்பது நம் முன்னோர் அறிந்து வைத்திருந்த வியாபாரப் பாடம்.

ஆனால் அந்தத் துண்டுக்கும் ஒரு குறை உண்டு. விலைதான் தெரியாதே தவிர, யார் யாருடைய கையைப் பிடித்தார் என்பது சந்தை முழுவதற்கும் தெரியும். இன்டர்நெட்டில் நம் நிலைமையும் இதுதான்.

போகுமுன்பே விலாசம் போய்ச் சேருகிறது

கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது, நமது இணைப்புக்குரிய ஓர் எண் அங்கே போய்ச் சேருகிறது. இதை ஐ.பி. முகவரி என்கிறார்கள். பதில் திரும்பி வர விலாசம் வேண்டுமல்லவா? அதற்காகத்தான் இந்த எண். இதை வைத்து நாம் எந்தக் கம்பெனியின் இணைப்பில் இருக்கிறோம், ஏறக்குறைய எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை எதிர்த்தரப்பு கணித்துவிடலாம்.

மறுபுறம், நமக்கு இணைப்புத் தரும் கம்பெனிக்கு நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போனோம் என்பது தெரிய வழியுண்டு. தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கினால், உள்ளே நாம் பேசியது பூட்டப்பட்டிருக்கும். ஆனால் போன இடம் தெரியும். துண்டு விலையை மறைக்கிறது. கை கொடுத்தவரை மறைக்கவில்லை.

ஒரு பருப்பு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். பல வருடங்களாக ஓரிடத்தில் சரக்கு எடுப்பவர், வேறு இடத்தில் விலை விசாரிக்க நினைக்கிறார். ஒரே நாளில் ஒரே பக்கத்தை ஐந்து முறை திறந்து பார்க்கிறார். அந்தத் தளத்தை நடத்துபவருக்கு, "இந்த ஊரில் ஒருவருக்குச் சரக்கு அவசரம்" என்று ஊகிக்க இதுவே போதும். அவசரக்காரனுக்கு என்ன விலை சொல்வார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஸ்டேப்பிள்ஸ் என்ற எழுதுபொருள் நிறுவனத்தின் வலைத்தளம் ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு விலை காட்டுவதை, 2012 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஆராய்ந்து வெளியிட்டது. பார்ப்பவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கணித்து, அவருக்கு அருகில் போட்டிக் கடை இருந்தால் பெரும்பாலும் குறைந்த விலையும், இல்லாவிட்டால் கூடுதல் விலையும் காட்டப்பட்டது.

பெயரை எடுத்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் சுமார் ஆறரை லட்சம் பேர் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்களே இருந்தன. இருந்தும் ஒருசில நாட்களுக்குள், ஓர் எண்ணுக்குரிய பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அவர் வீட்டிலேயே போய்ச் சந்தித்தார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயரும் உறவினர் பெயரும் காட்டிக்கொடுத்துவிட்டன.

வெங்காயத் தோலில் கிடைத்த யோசனை

யார் யாருடன் பேசுகிறார் என்பதையே மறைக்க வழியுண்டா? 1990களின் நடுவில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகிய மூவர். அவர்கள் கண்ட முறைக்கு 'வெங்காய வழி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அதன் வளர்ந்த வடிவம்தான் 'டோர்'. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோர் சைவர்சனுடன் சேர்ந்து உருவாக்க, 2002-ல் அது இயங்கத் தொடங்கியது. 2006 முதல் லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம் இதைப் பராமரித்து வருகிறது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை.

இது வேலை செய்யும் விதம் நமக்கு எளிதில் புரியும். ஒரு கடிதத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாவியால் பூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான இடைநிலையங்களில் மூன்றை நம் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கிறது. முதல் நிலையம் வெளியுறையைப் பிரிக்கும். உள்ளே 'இரண்டாம் நிலையத்துக்கு அனுப்புக' என்று மட்டும் இருக்கும். இரண்டாம் நிலையம் அடுத்த உறையைப் பிரித்து மூன்றாவதுக்கு அனுப்பும். மூன்றாவது கடைசி உறையைப் பிரித்து, நாம் போக நினைத்த தளத்துக்கு அனுப்பும். பதிலும் அதே வழியில் திரும்பி வரும்.

இப்போது கணக்குப் பாருங்கள். முதல் நிலையத்துக்கு அனுப்பியவர் தெரியும். போகும் இடம் தெரியாது. மூன்றாம் நிலையத்துக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. நமக்கு இணைப்புத் தரும் கம்பெனிக்கு, நாம் டோரில் நுழைந்தது தெரியலாம், அதற்கப்பால் தெரியாது. தளத்தை நடத்துபவருக்கு நம் எண்ணுக்குப் பதில் மூன்றாம் நிலையத்தின் எண்தான் தெரியும். அது ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கலாம்.

கடற்படைக்காகக் கண்டுபிடித்ததை ஏன் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் என்று கேட்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடற்படை மட்டும் இதைப் பயன்படுத்தினால், இந்த வழியில் வருபவர் எல்லாம் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். வெறிச்சோடிய தெருவில் முகத்தை மூடிக்கொண்டு போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கூட்டம்தான் இங்கே பாதுகாப்பு.

மடியில் கனம் யாருக்கு?

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? தப்புச் செய்யாதவனுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' என்ற கள்ளச் சந்தை இந்த வலையில்தான் நடந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கப் போலீசார் அதை மூடினார்கள். கெட்டவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வியாபாரியின் மடியில் என்றைக்கும் கனம் உண்டு. கனம் என்றால் களவு என்று பொருள் அல்ல. எங்கே கொள்முதல், என்ன விலை, யாருக்கு எவ்வளவு கடன், அடுத்த சீசனுக்கு என்ன திட்டம் என்பதெல்லாம் நேர்மையான வியாபாரியும் வெளியே சொல்லாத விஷயங்கள். செய்திக்கு ஆதாரம் தருபவரைக் காப்பாற்றப் பத்திரிகையாளர்களும், தடை செய்யப்பட்ட செய்திகளைப் படிக்கச் சில நாட்டு மக்களும் டோரையே நம்புகிறார்கள். பேஸ்புக் 2014-லும் பி.பி.சி. 2019-லும் இந்த வலைக்குள் தனி வாசல் திறந்தன. நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இதிலும் ஓட்டை உண்டு

சரக்கின் நல்லதை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நல்ல வியாபாரம் அல்ல. ஆகவே குறைகளையும் சொல்லிவிடுகிறோம்.

மூன்று ஊர் சுற்றி வருவதால் வேகம் குறைவு. மேலும், மூன்றாம் நிலையத்தை நடத்துபவர் யார் என்று நமக்குத் தெரியாது. 2007-ல் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன் நாட்டு நிபுணர் இப்படிச் சில கடைசி நிலையங்களைத் தானே நடத்திப் பார்த்தார். தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் ரகசியச் சொற்கள் அவர் கையில் சிக்கின. காரணம், அவர்கள் பூட்டில்லாத இணைப்பில் கடிதம் பார்த்ததுதான். டோர் ஆளை மறைக்கும். திறந்து கிடக்கும் கடிதத்தைப் பூட்டாது.

கூட்டம் இல்லாத இடத்தில் முகமூடி உதவாது என்பதற்கும் சான்று உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாக ஒரு பொய் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அந்த நேரத்தில் பல்கலைக்கழக இணைப்பிலிருந்து டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தார்கள். மாணவர் ஒருவர் அகப்பட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை நாமேதான். முகமூடி போட்டுக்கொண்டு போய், சொந்தப் பெயரில் கணக்கைத் திறந்தால் என்ன பயன்? பெரிய ஆன்லைன் சந்தைகளில் கடை விரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் தளத்தில் விற்கும் சிறு வியாபாரிகளின் விற்பனை விவரங்களை, அமேசான் தன் சொந்த விற்பனைக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதாக ஐரோப்பிய ஆணையம் 2020-ல் குற்றஞ்சாட்டியது. அப்படிச் செய்வதில்லை என்று அமேசான் கொடுத்த உறுதிமொழிகளை ஆணையம் 2022 டிசம்பரில் ஏற்றது. நாமே கொடுக்கும் கணக்கை எந்த வெங்காயத் தோலும் மறைக்காது.

வி.பி.என். போதாதா?

பலர் வி.பி.என். என்ற சேவையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே இடைநிலையம் நடத்துவது ஒரே கம்பெனி. நாம் யார், எங்கே போகிறோம் என்ற இரண்டையும் அதனால் பார்க்க முடியும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைக்கிறோம், அவ்வளவே. இந்தியாவில் வி.பி.என். நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த தம் கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போயின.

வியாபாரிகள் கவனத்துக்கு

1. டோர் பிரவுசரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். விலை கேட்டால் அது போலி.

2. புதிய கொள்முதல் இடம் விசாரிக்க, போட்டியாளர் விலை பார்க்க, நோய், வழக்கு போன்ற சொந்த விஷயங்களைப் படிக்க இது ஏற்றது.

3. பேங்க், ஜி.எஸ்.டி. வேலைகளுக்கு வழக்கமான வழியே போதும். அங்கே நாம் யார் என்று சொல்லித்தான் நுழைகிறோம். வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்தால் சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கவும் கூடும்.

4. 'எச்.டி.டி.பி.எஸ்.' இல்லாத தளத்தில் எதையும் எழுதாதீர்கள். இறக்கிய கோப்புகளை இணைப்பில் இருக்கும்போதே திறக்காதீர்கள்.

5. போனில் வரும் மோசடிக்காரரிடம் ஓ.டி.பி. சொல்லிவிட்டால் எந்த வலையும் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று. பில் போடும்போது நாமும் வாடிக்கையாளரின் செல் நம்பரைக் கேட்கிறோம். அந்த நோட்டு யார் கையில் போகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தேவையில்லாத நம்பரைக் கேட்காமல் இருப்பதே மிக மலிவான பாதுகாப்பு.

நம் மடியின் கனத்தை மற்றவர் எடை போடக்கூடாது என்று விரும்பும் நாம், நம்மை நம்பிக் கடைக்கு வருபவரின் மடியையும் அப்படியே மதிப்போம். துண்டுக்குள் நடந்த பேரத்தை வெளியே சொல்லாதவரிடம்தான் அடுத்த சந்தையிலும் கை நீட்டுவார்கள்.