விலை பேசும் மேசையில் ஒரு பெண்

"கார் வாங்குறதெல்லாம் ஆம்பிளையள்ற வேலை பிள்ளை. உனக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்று என் பெரியம்மா கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து நாட்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படுவான்கரையில் இருந்து மட்டக்களப்பு நகரக் கடைகளுக்கு அரிசிமா, மிளகாய்த்தூள் பைக்கற்றுகள் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். வாரத்தில் மூன்று நாள் ஓட்டோ பிடித்தால் இலாபத்தில் பாதி அந்தக் கூலிக்கே போய்விடும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு வருடமாகிறது. கணவர் இறந்தபின் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணமும் சீட்டுக் காசுமாகக் கையில் 15 இலட்சம் ரூபா இருந்தது. இதுபோல் இன்னொரு தொகை இனி என் வாழ்வில் வரப்போவதில்லை. அதனால் பாவித்த கார் ஒன்றை வாங்கப் புறப்பட்ட எனக்கு, காரைவிடப் பணத்தைப் பற்றிய பயமே பெரிதாக இருந்தது.

முதல் நாள் விட்ட பிழைகள்

பிரதான வீதியோரத்தில் இருந்த ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனையாளர் என்னோடு கதைக்கவே இல்லை. எல்லாவற்றையும் தம்பிக்கே விளக்கினார். தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாது!

என்னிடம் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அக்கா, கையில எவ்வளவு இருக்கு?"

நான் வெள்ளந்தியாக "15 இலட்சம்" என்றேன். அவசரமாகத் தேவை என்றும் சொன்னேன். அதன்பின் அவர் காட்டியதெல்லாம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களே. ஒரு வெள்ளைக் காருக்கு 23 இலட்சம் என்றார்.

"மிச்சம் எட்டுக்கு லீசிங் போடலாம் அக்கா. மாசம் 25 ஆயிரம்தானே? நாலு வருசத்தில முடிஞ்சிரும்."

25 ஆயிரம் என்று கேட்கும்போது சிறிதாகத்தான் தெரிந்தது. ஆனால் 48 மாதத்துக்கு அது 12 இலட்சம். அதாவது 23 இலட்சத்துக் காருக்கு நான் கொடுக்கப்போவது 27 இலட்சம். இந்தக் கணக்கை அந்த மேசையில் இருந்து நான் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் போட்டேன்.

"பின்னேரம் வேற ஆக்கள் வாறாங்க. 50 ஆயிரம் அட்வான்ஸ் வச்சிட்டுப் போங்க" என்றார். பணம் கைப்பையில் இருந்தது. பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்டேன். ஒரு போட்டோ பிரதியைத் தந்தார். அதில் உரிமையாளரின் பெயரோடு ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. பழைய கடன் இன்னும் தீரவில்லை என்பதே அதன் பொருள். "அதை நாங்க பிறகு எடுத்துத் தருவம்" என்றார். "அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்துவிட்டேன். அது துணிவல்ல. அந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து போட்ட கணக்கு

எங்கள் தெருவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். "தங்கச்சி, விலை கதைக்கிறது அங்க போயில்ல, வீட்டில இருந்தே தொடங்கணும்" என்றார்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. தனியார் வாகனங்களைக் கொண்டுவர 2025 பெப்ரவரியில் மீண்டும் இடமளிக்கப்பட்டாலும் வரி அதிகம். ஆகவே, சொல்லும் விலையை வைத்து ஒரு வாகனம் மலிவா அல்லவா என்று தீர்மானிக்க முடியாது. அதே வகை, அதே ஆண்டு வாகனங்களுக்குப் பத்திரிகை விளம்பரங்களில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் கொப்பியில் எழுதினேன். டயர், பற்றரி விலைகளையும் கடைகளில் விசாரித்து எழுதிக்கொண்டேன்.

பின்னர் வேறோர் இடத்தில் 800 சிசி சிறிய கார் ஒன்றைப் பார்த்தோம். கேட்ட விலை 14 இலட்சத்து 75 ஆயிரம். காலையிலேயே போய், பொனற்றில் கை வைத்து, எஞ்சின் குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொன்னார் அண்ணன். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர்போல இருந்தால் தண்ணீர் ஒயிலில் கலந்திருக்கக்கூடும். இரண்டும் இருக்கவில்லை.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயர்களும் அந்த ஆண்டுக்கு உரியவையே. மீற்றரில் 62 ஆயிரம் கிலோமீற்றர் காட்டியது. ஆனால் பிரேக் பெடலின் இறப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒரு கதவின் வர்ணம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியோடு நானே ஒப்பிட்டேன். சரியாக இருந்தன. நிதி நிறுவனம் எதன் பெயரும் இல்லை.

கொப்பியில் எழுதினேன்: டயர் நான்கு 56 ஆயிரம், பற்றரி 26 ஆயிரம், முன்பக்க சஸ்பென்ஷன் வேலை 38 ஆயிரம், கதவு வர்ணம் 20 ஆயிரம். மொத்தம் 1 இலட்சத்து 40 ஆயிரம். காப்புறுதி, பெயர் மாற்றம், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கு 40 ஆயிரம் ஒதுக்கினேன். 15 இலட்சத்தில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 13 இலட்சத்து 20 ஆயிரம். அதுவே என் எல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மீண்டும் அந்த மேசையில்

இம்முறை தம்பியை வெளியே நிற்கச் சொன்னேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்று இவரும் கேட்டார். "காரின் விலையை முதலில் கதைப்போம் தம்பி" என்றேன். 12 இலட்சத்து 75 ஆயிரம் என்று தொடங்கினேன். அவர் சிரித்தார். கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். காரைக் குறைசொல்லவில்லை, மீற்றரைப் பற்றி அவரைக் குற்றம் சாட்டவும் இல்லை. "இந்தப் பெடலைப் பாருங்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். 14 இலட்சத்து 50 ஆயிரம் 14 ஆனது. நான் 13 என்றேன்.

"13 அறுபது, கடைசி விலை அக்கா. இதுக்குக் கீழ தரேலா."

"என்னால் 13 இருபதுதான் முடியும் தம்பி. யோசித்துச் சொல்லுங்கள்" என்று தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை நடக்கும்போது நெஞ்சு படபடத்தது. அவர் கூப்பிடவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரையும் வரவில்லை. அந்தக் கார் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. "13 இருபதுக்கு எடுங்க அக்கா."

பணத்தை வங்கி மூலமே கொடுத்தேன். வாகன இலக்கம், செசி இலக்கம், தொகை, திகதி எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டைப் பெற்றேன். "ஓப்பன் பேப்பரா வச்சிருங்க, பெயரைப் பிறகு மாத்தலாம்" என்றார். மறுத்துவிட்டேன். வாங்கி 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அது ஒருபுறமிருக்க, பழைய உரிமையாளர் வெளிநாடு போனாலோ இறந்தாலோ கையொப்பத்துக்கு நான் யாரைத் தேடுவேன்? என் பணத்தில் வாங்கிய வாகனம் என் பெயரில் இருக்க வேண்டாமா?

அன்புச் சகோதரிகளே, சந்தையில் மீனுக்கும் மரக்கறிக்கும் நாம் பேரம் பேசாத நாளுண்டா? மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவர்கள் நாம். பழுதானால் வாங்காமல் நடப்பவர்களும் நாமே. காரும் அப்படித்தான். இயந்திரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் விலையை நீங்களே பேசுங்கள். மாதத் தவணையைக் கேட்டு மயங்காமல் மொத்தத் தொகையைக் கேளுங்கள். மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எழுந்து வர ஆயத்தமாகவே அந்த மேசையில் உட்காருங்கள்.

போன வாரம் பெரியம்மாவை அந்தக் காரில்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழி முழுவதும் பேசாமல் வந்தவர், இறங்கும்போது கேட்டார்: "பிள்ளை, எவ்வளவுக்கு எடுத்தாய்? குறைச்சுக் கேட்டயா?"