மூன்று அங்குலத் திரைக்கு மூன்று அடி இடம்

கல்யாண மண்டபத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ எல்இடி வால் (எல்இடி திரை) பேசும்போது தடிமன் எவ்வளவு என்று கேட்டால், "மூணு இன்ச்தாங்க, சுவரோட ஒட்டி நின்னுடும்" என்பார்கள். அந்தப் பதில் பொய்யில்லை. வாடகைக்கு வரும் அலுமினிய கேபினெட்டின் (திரையை அடுக்கிக் கட்டும் பெட்டியின்) தடிமன் பெரும்பாலும் 60 முதல் 100 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். சுவரில் நிரந்தரமாகப் பதிக்கும் உள்ளரங்க மாடல்கள் சில 30 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தும் விட்டன. ஆனால் அது கேபினெட்டின் தடிமன் மட்டுமே. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், பின்னால் ஓடும் கேபிள், பழுது பார்க்க ஆள் நுழையும் வழி, காற்றில் சாயாமல் பிடித்து நிறுத்தும் அடித்தளம் ஆகிய எதுவும் அதில் சேராது. பணம் வீணாவதும் ஆபத்து நுழைவதும் இந்த விடுபட்ட கணக்கில்தான்.

முதலில் கேட்க வேண்டியது, மாட்யூலை (கேபினெட்டில் பொருத்தும் எல்இடி பலகையை) முன்பக்கமாகக் கழற்றலாமா, பின்பக்கமாகத்தான் கழற்ற வேண்டுமா என்பது. முன்பக்க சர்வீஸ் வகையில் மாட்யூல்களைக் காந்தம் பிடித்திருக்கும். அதற்கான கருவியை வைத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். திரையும் சட்டமும் சேர்ந்து அரை அடிக்குள் அடங்கும். பின்பக்க சர்வீஸ் என்றால் ஓர் ஆள் திரைக்குப் பின்னால் நின்று, குனிந்து, திரும்பி வேலை பார்க்க வேண்டும். இரண்டு, இரண்டரை அடி இல்லாமல் அது முடியாது. ஆக மூன்று அங்குலம் என்று சொன்ன திரை மேடையில் மூன்று அடியை எடுத்துக்கொள்கிறது. பின்பக்க சர்வீஸ் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டிப் பதித்துவிட்டால், பிறகு ஒரே ஒரு மாட்யூல் கெட்டாலும் மொத்தத் திரையையும் இறக்க வேண்டிவரும். மேடைக்குப் பின்னால் இருக்கும் கதவை மறைத்துத் திரையை நிறுத்துவதைப் பல மண்டபங்களில் பார்க்கலாம். தீப்பிடித்தால் வெளியேற வேண்டிய வழி அது. திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது எடை. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரமுள்ள வாடகைக் கேபினெட் ஒன்று ஏறத்தாழ எட்டு கிலோ. 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் திரை வேண்டுமென்றால் 48 கேபினெட், அதாவது 380 கிலோவுக்கு மேல். ட்ரஸ் (தாங்கும் சட்டம்), கேபிள், செயின் பிளாக் எல்லாம் தனி. மண்டபத்தின் பொய்க்கூரைக் கம்பியிலோ, யாரும் கணக்குப் பார்க்காத பழைய உத்தரத்திலோ இதைத் தொங்கவிடக் கூடாது. 2022 ஜூலை 28 அன்று ஹாங்காங் கொலீசியம் அரங்கில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே எல்இடி திரை ஒன்று அறுந்து நடனக் கலைஞர்கள் மேல் விழுந்தது. கம்பி வடம் அறுந்ததும், தொங்கவிட்ட கருவிகளின் எடையை உண்மையைவிட மிகக் குறைத்துச் சொல்லியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. எடையைச் சரியாக எழுதித் தருவது திரை கட்டும் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். அதை வற்புறுத்திக் கேட்பது நம் உரிமை.

திறந்த வெளியில் எடையைவிடப் பெரிய எதிரி காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, மேலே சொன்ன 12 சதுர மீட்டர் திரையைக் குறைந்தது 290 கிலோ விசையோடு தள்ளும். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றுக்கு அந்த வேகம் அரிதல்ல. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடித்தளம் பின்னால் 2 மீட்டர் நீள்கிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் திரை கூட்டத்தின் பக்கம் கவிழும். அதைச் சமன்செய்ய மட்டுமே அடித்தளத்தின் பின்முனையில் 400 கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் இரண்டில் தண்ணீர் நிரப்பி வைத்தால் போதாது. பாதுகாப்புக்கான கூடுதல் பாரத்தையும் சேர்த்தால் மூன்றே குறைவு. இரண்டு மணல் மூட்டையை வைத்துவிட்டு "ஒண்ணும் ஆகாதுங்க" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எந்தக் காற்று வேகத்தில் திரையை இறக்குவீர்கள், இறக்கு என்று சொல்லப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரிய பலகை எதுவானாலும் சரிந்தால் உயிராபத்துதான்: 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகையின் இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். தெருவோரம் நிரந்தரமாக நிறுத்தும் விளம்பரத் திரைக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத திரை உங்கள் தெருவில் எழுந்தால், மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்யூலுக்குள் ஓடுவது 5 வோல்ட்தான் என்று சொல்லி மின்சாரத்தை எளிதாக நினைப்பவர்கள் உண்டு. கேபினெட்டிலிருந்து கேபினெட்டுக்குப் போவது 230 வோல்ட். முழு வெண்மையில் எரியும்போது 12 சதுர மீட்டர் உள்ளரங்கத் திரை 7 முதல் 10 கிலோவாட் வரை இழுக்கலாம். அதற்குத் தனி லைன், முறையான எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் வேண்டும். திருவிழாவுக்குத் தற்காலிக இணைப்பை மின்வாரியம் தருகிறது. கம்பத்தில் கொக்கி போடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, மழையில் நனைந்த ட்ரஸைத் தொடும் பையனுக்கு அது உயிராபத்து.

விலையில் ஒரு நுணுக்கம். கேபினெட் அரை மீட்டர் அளவில் வருவதால் "12-க்கு 8 அடி" என்று பேசிய திரை உண்மையில் 11½ அடி அகலத்தில்தான் வந்து நிற்கும். சதுர அடிக்கு வாடகை என்றால் கேபினெட்டை எண்ணிப் பணம் கொடுங்கள். இடக் கணக்கில் இன்னொன்று: பிட்ச் (அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டராவது தள்ளி உட்கார்ந்தால்தான் படம் புள்ளி தெரியாமல் இருக்கும்; பி3.9 (3.9 மில்லிமீட்டர் பிட்ச்) திரைக்கு முதல் வரிசை 4 மீட்டர் தள்ளி வேண்டும். அந்த இடமும் உங்கள் மண்டபத்தில்தான் கழியும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் கொட்டேஷனில் இவை இருக்கட்டும்: கேபினெட் எண்ணிக்கை, பிட்ச், சட்டத்தோடு சேர்ந்த மொத்த ஆழம், சர்வீஸ் எந்தப் பக்கம், மொத்த எடை, அதிகபட்ச மின்சுமை. வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்; வாட்ஸ்அப் செய்தியானாலும் கைவசம் இருந்தால் உதவும்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்கு. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. மகள் கல்யாணத்துக்குத் திரை எடுத்தவர் நுகர்வோர்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. அவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க ஒரு திரையை வாங்கி வாடகைக்கு விடும் இளைஞருக்கு அந்தத் தடையில்லை. இந்த விதிவிலக்கு தெரியாமலேயே பழுதான சரக்கோடு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

திரை சரிந்து யாருக்காவது அடிபட்டால், எதையும் அகற்றும் முன் இடத்தைப் படமெடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ட்ரஸ் ஏறும் தொழிலாளி நாள்கூலியாக இருந்தாலும், வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு வேலைக்கு அமர்த்தியவருடையது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாமல், தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.