வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கொல்லிமலை நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. கொல்லிமலைக்கு வடமேற்கே சேலம் விமான நிலையமும், தென்கிழக்கே திருச்சிராப்பள்ளி விமான நிலையமும் அமைந்துள்ளன. வரைபடத்தில் இவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு கொல்லிமலையைக் கடந்தே செல்லும். இக்கோட்டின் நீளம் எவ்வளவு? அதனைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இவற்றின் விடைகள் வெவ்வேறு வழிகளில் கிடைக்கின்றன.

தொலைவைக் கணக்கிடுதல்

அட்சக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். சேலம், திருச்சி விமான நிலையங்களுக்கிடையே வடக்கு தெற்காக ஏறத்தாழ 113 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக 71 கிலோமீட்டரும் இடைவெளி உள்ளது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் ஏறத்தாழ 133 கிலோமீட்டர் எனப் பிதாகரசு தேற்றம் காட்டும். இதுவே வான்வழித் தொலைவு. சாலையோ மலையைச் சுற்றி நாமக்கல் வழியாகச் செல்வதால் 160 கிலோமீட்டரை எட்டுகிறது. கண்டங்களைக் கடக்கும் நெடும்பயணங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றிற்குப் புவியின் வளைவையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நேரம் கூடுவது ஏன்?

சிறு நகரங்களுக்குச் செல்லும் ஏ.டி.ஆர். வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விரைவில் பறக்கும். அவ்வாறாயின் 133 கிலோமீட்டரைப் பதினாறு நிமிடங்களில் கடந்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறை அவ்வாறன்று. சென்னைக்கும் சேலத்திற்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 265 கிலோமீட்டர். கணக்கின்படி 32 நிமிடங்களே போதும். எனினும் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சென்றடைந்த நிலையத்தில் நிற்கும் வரையிலான நேரமே பயண நேரமாகக் கொள்ளப்படுகிறது. ஓடுபாதையை அடைதல், மேலெழுதல், விரைவைக் குறைத்து இறங்குதல், காற்றை எதிர்கொள்ளும் திசையில் தரையிறங்கச் சுற்றி வருதல் ஆகியன அதனுள் அடங்கும். தொலைவு பாதியானாலும் இந்நேரம் பாதியாவதில்லை. பயணி முன்னரே வந்து காத்திருக்கும் நேரமும் இதனோடு சேரும். ஆகவே, மிகக் குறுகிய தொலைவிற்கு விமானம் பயன் தருவது அரிது.

மலைவழியின் அளவு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு விமானம் சில நிமிடங்களில் கடக்கும் மலையில் ஏறி முடிக்கப் பேருந்துக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாகிறது. விளைந்த அன்னாசியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் உழவருக்கும், பேறுகாலத்தில் பெரிய மருத்துவமனையை நாடும் தாய்க்கும் கிலோமீட்டர் கணக்கு உதவாது. நேரக் கணக்கே உதவும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 24 நிமிடங்கள் கொண்ட ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவை அவர்கள் 'நாழிகைவழி' என வழங்கினர். தொலைவைக் காலத்தால் அளந்த சொல் இது. சாலையோ, மருத்துவமனையோ, விமான நிலையமோ எங்கு அமையவேண்டும் எனத் திட்டமிடுவோர், வரைபடத்தின் நேர்கோட்டோடு மக்கள் செலவிடும் நேரத்தையும் அளந்தறிதல் வேண்டும்.