அரை மணியில் கொத்துக்கறி பிரட்: அலுத்து வரும் ராத்திரிக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு

ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலைச் சுற்றி அடுப்பு மூட்டாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மண்ணில் கிடா வெட்டி, அங்கேயே சமைத்து, சொந்தபந்தங்களை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். கறியைப் பக்குவமாக வேகவைக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

சிக்கல் திருவிழா நாளில் இல்லை, சாதாரண நாட்களில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிற ஒரு பெண்ணுக்கு, அதற்குமேல் குழம்பு கூட்டி, சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் போடத் தெம்பு இருக்காது. விருதுநகர் பக்கம் அதற்கு இருக்கவே இருக்கிறது எண்ணெய் பரோட்டா. மைதாவை எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தெடுத்து, மேலே சால்னா ஊற்றித் தருவார்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒருநாள் என்றால் யாரும் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆகிப்போன வீடுகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொத்துக்கறியும் ஒரு பாக்கெட் பிரட்டும் இருந்தால் நான்கு பேருக்கு அரை மணி நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். ஆனால் கொத்துக்கறிக்கென்று தனியாகச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவை தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

துண்டுக்கறி வேறு, கொத்துக்கறி வேறு

முழுத் தொடைக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் குடலிலிருந்தோ தோலிலிருந்தோ கடைக்காரர் கையிலிருந்தோ கிருமி வந்து ஒட்டினால், அது கறியின் மேற்பரப்பில்தான் இருக்கும். சட்டியில் சூடு முதலில் படுவதும் அங்கேதான். அதே கறியைக் கொத்தினாலோ மெஷினில் அரைத்தாலோ மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. ஒவ்வொரு சிறு துணுக்கும் ஒரு புது மேற்பரப்பு. கிருமிக்கு இடமும் ஈரமும் தாராளம். அதனால்தான் கொத்துக்கறி துண்டுக்கறியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறது. அதனால்தான் அதை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஓர் உணவகச் சங்கிலி விற்ற, சரியாக வேகாத மாட்டுக் கொத்துக்கறி பர்கரைச் சாப்பிட்டு 700-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா வகைதான் காரணம். அது சுரக்கும் நச்சு ரத்த வயிற்றுப்போக்கில் தொடங்கும். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். மாட்டின் குடலில் குடியிருப்பது என்று இதைச் சொன்னாலும் ஆட்டுக்கும் விலக்கில்லை.

அந்தக் கசப்பு அனுபவத்துக்குப் பின் அழுத்தமாகச் சொல்லப்படும் கணக்கு இது: கொத்தியது ஆட்டுக்கறியானாலும் மாட்டுக்கறியானாலும், அதன் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். நிறத்தை நம்பிப் பயனில்லை. சில சமயம் அந்தச் சூட்டை எட்டுமுன்பே கறி பழுப்பாகிவிடும், வெந்ததுபோல் ஏமாற்றும்.

இங்கே நம் சமையல் முறை நமக்குக் கைகொடுக்கிறது. மேல்நாட்டில் கொத்துக்கறியை வடை மாதிரித் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புரட்டி எடுக்கிறார்கள். வெளியே சிவந்து மணக்கும்போது உள்ளே வேகாமல் இருக்கும் ஆபத்து அந்த வடிவத்திலேயே இருக்கிறது. நாமோ உதிர்த்துப்போட்டு, தண்ணீர் விட்டு, கொதிக்கவைத்துச் சுண்டவிடுகிறோம். தண்ணீர் கொதித்தாலே 100 டிகிரி. உதிரியாகக் கிடக்கும் கறியில் சூடு படாத மூலை ஏது? கோலா உருண்டைக்குக்கூடப் பல வீடுகளில் கறியை முதலில் வதக்கி வேகவைத்து, அப்புறம்தான் பொட்டுக்கடலையோடு அரைத்து உருட்டுவார்கள். ஆகவே என் கட்சி இதுதான்: பிரட்டுக்கு நடுவே வைப்பது உதிரிக் கொத்துக்கறியாகவே இருக்கட்டும். யூடியூபைப் பார்த்துத் தட்டிப்போடும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது

அரைத்துக் குவித்து வைத்திருக்கும் கொத்துக்கறியை வாங்காதீர்கள். அது எந்த நேரத்தில் அரைத்தது, எதையெல்லாம் சேர்த்து அரைத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சவ்வும் கொழுப்பும் அதில் எளிதாக ஒளிந்துகொள்ளும். "அண்ணாச்சி, தொடைக்கறியில எலும்பில்லாம முந்நூறு போடுங்க, கண்ணு முன்னாடி கொத்திக் குடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மெஷினைவிடக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தி வாங்குவது மேல். மெஷினின் உள்வாயில் முந்தைய ஆளுக்கு அரைத்த கறி கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அது காலையிலிருந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கறியைத் துண்டாகவே வாங்கி வந்து, கழுவி, ஒட்ட நீர் வடித்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கெட்டியானதும் மிக்ஸியில் விட்டுவிட்டு நான்கு சுற்று ஓட்டுவது. கூழாகாமல் உதிரியாக வரும். கழுவுகிற வழக்கமுள்ளவர்களுக்கும் இதுதான் பொருந்தும். கொத்திய பிறகு கழுவினால் சாறுதான் போகும், உள்ளே கலந்த கிருமி போகாது. கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரியின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் போட்டுப் பிசறினால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். மஞ்சள் மணத்துக்கு, கிருமிக்குச் சூடு.

மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளுக்கும் இதே விதிகள்தான். விலை குறைவு, இரும்புச்சத்திலும் புரதத்திலும் ஆட்டுக்கறிக்குச் சளைத்ததில்லை. அதில் நாடாப்புழு வரும் வாய்ப்பும் இருப்பதால் இன்னும் நன்றாக வேகட்டும். கர்ப்பிணிப் பெண்கள் எந்தக் கறியையும் அரைவேக்காட்டில் தொடவே கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது.

வெயில் ஊருக்கு வேறு கடிகாரம்

பச்சைக்கறியும் சரி, சமைத்த கறியும் சரி, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவிதி. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் அதுவே ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடும். சாத்தூர், சிவகாசியில் வருடத்தின் பெரும்பகுதி பகல் வேளையில் இந்த ஒரு மணிக் கணக்குத்தான். காலையில் கறி எடுத்துவிட்டு அப்படியே வேலைக்கு வண்டி ஏறுகிறவர்கள், கறியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஃப்ரிட்ஜில் கொத்துக்கறி ஒருநாள், அதிகம் போனால் இரண்டு நாள். மின்சாரம் அடிக்கடி போகிற தெருவென்றால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கிடா வெட்டில் மிஞ்சும் கறிக்கும் இது பொருந்தும். அண்டா நிறையச் சமைத்த கறி ஆறுவதற்கு வெகுநேரம் பிடிக்கும். அந்த மெதுவான ஆறலில்தான், கொதியிலும் சாகாத சில பாக்டீரியா வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. மறுநாள் ஊரோடு வயிற்றைக் கலக்கும்போது சாமி குற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குக் கொண்டுவருகிற கறியை அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, சீக்கிரமே ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். மறுபடி எடுக்கும்போது தளதளவென்று கொதிக்க வையுங்கள்.

முதலில் கை, பிறகு கறி

பட்டாசு வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. அலுமினியப் பவுடர் விரல் ரேகைக்குள் புகுந்து வெள்ளியாக மினுங்கும். நகக்கண்ணில் கந்தகமும் வெடியுப்பும் ஒட்டியிருக்கும். பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்ப்பதற்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதற்குக் காற்றுமாசு முக்கியக் காரணம். ஆனால் வயிற்றுக்குள் போனாலும் பேரியம் கெடுதல்தான். ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கீழே இறக்கித் தசையையும் இதயத்தையும் தளரச் செய்யும். பிரட்டைக் கையால் எடுத்து, கையால் அடுக்கி, கையால்தான் தின்கிறோம். எனவே வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, நகத்தைத் தேய்த்து, வேலைச் சேலையை மாற்றிவிட்டு அடுப்பங்கரைக்குப் போவது நல்லது. வேலைத்துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

செய்முறை

நான்கு பேருக்கு 300 கிராம் கொத்துக்கறி போதும். இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ காயவைத்து, சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு பதினைந்து. வெங்காயம் கண்ணாடியாக வதங்கியதும் இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள், சம்பா வத்தல் அரைத்த தூள் ஒரு தேக்கரண்டி. தக்காளி கரைந்ததும் கறியைப் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தி உதிர்க்க வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் உள்ளே வேகாது. இந்த ஐந்து நிமிடம் மட்டும் சட்டியை விட்டு நகராதீர்கள்.

கறி தண்ணீர் விட ஆரம்பிக்கும். முதலில் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இருக்கும்; பிறகு நுரை அடங்கித் தெளிந்த சாறாகும். அப்போது அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி, மிதமான தீயில் பதினைந்து நிமிடம். மூடியைத் திறந்து இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கிள்ளிப்போட்டு, சாறு சுண்டிச் சட்டி 'சுர்' என்று பேசுகிற வரை கிளறுங்கள். இறக்கி மிளகுத்தூள் தூவி, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஓரத்தில் எண்ணெய் மிதந்தால் சட்டியைச் சாய்த்து வழித்து எடுத்துவிடலாம். அது ஊற்றிய எண்ணெய் மட்டுமில்லை, கறியின் கொழுப்பும்தான். பிரட்டைத் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் வாட்டி, கறியைப் பரப்பி, மேலே வெள்ளரி, வெங்காயம், மல்லித்தழை. சாத்தூர் பிஞ்சு வெள்ளரிக் காலமென்றால் கேட்கவே வேண்டாம்.

கீரையையும் எலுமிச்சையையும் சேர்த்தது ஏன்

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் ஆட்டுக்கறியில் இருப்பதோ ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான். கறி தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை; கணக்கு இடிக்கிறது.

ஆனால் கறியிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அதோடு, கீரையில் இருந்தும் கரையாமல் போகிற இரும்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிற குணமும் கறிக்கு உண்டு. எலுமிச்சையின் வைட்டமின் சி-யும் அதே வேலையைச் செய்கிறது. இந்த மூன்றும் ஒரே வாயில் சேரும்போதுதான் முருங்கைக்கீரைக்கு முழு மரியாதை. இதைக் கெடுப்பது தேநீர். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கொத்துக்கறியை நம்பவும் வேண்டாம்.

பிரட்டும் சாஸும்

பழுப்பு நிறமாக இருப்பதெல்லாம் கோதுமை பிரட் இல்லை. பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா என்றிருந்தால் அது மைதா பிரட்தான். பொட்டாசியம் புரோமேட்டைப் பிரட்டில் சேர்க்க 2016-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. பெயர் இல்லாத, தேதி இல்லாத பாக்கெட்டைத் தொடாமல் இருப்பது உத்தமம். பிரட்டிலேயே உப்பு இருக்கிறது என்பதால்தான் கறியில் உப்பைக் குறைத்தேன். நாளுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் பிரட்டுக்குப் பதில் சப்பாத்தியில் சுருட்டிக்கொள்ளலாம்.

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் வேண்டவே வேண்டாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது நல்ல விளைநிலம். கெட்டித் தயிரை வடிகட்டி, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டால் அதே வழுவழுப்பு வரும். பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள், பிடித்தாலும் தின்றுவிடுவார்கள்.

எவ்வளவு, யாருக்கு

ஒருவருக்கு 75 கிராம் பச்சைக்கறி வீதம் வாரம் இரண்டு முறை என்றால் கவலையில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்புக்கறிக்கு வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை என்று எல்லை வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையும் அதில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் சாசேஜ், சலாமி வகையறா வேறு சங்கதி: 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பட்டியலில் சேர்த்தது. அவசரத்துக்கு அவற்றைப் பிரட்டில் வைப்பதைவிட அவித்த முட்டை நூறு மடங்கு மேல். சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலம், இதயநோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிச்சம் விழுந்தால் கறியை மட்டும் தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கொதிக்கச் சூடாக்கித் தோசைக்குள் வைத்துக் கொடுக்கலாம். பிரட்டில் அடுக்கி டப்பாவில் போட்டு வேலைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மதியம் ஒரு மணி வரை அது தாங்காது. அந்த டப்பாவுக்குப் புளியோதரையே சரி.