பகா எண்கள் சொல்லும் பாடம்: ஆதாரம் எங்கே?

நம் வாட்ஸ்அப் குழுமங்களில் எண் கணக்குச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. 'இது இந்த எண்ணால் வகுபடுகிறது, அதுவும் வகுபடுகிறது, ஆகவே இது அற்புதம்' என்கிறார்கள். ஐந்தாறு இடங்களில் பொருந்தினால் போதும், 'மாஷா அல்லாஹ்' என்று பலரும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐந்தாறு பொருத்தம் ஆதாரமாகுமா? பகா எண்களிடமே கேட்போம்.

1ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாத, 1ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். 2, 3, 5, 7, 11 என அவை முடிவின்றிச் செல்கின்றன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் ஒரு விதியைச் சொன்னார். 1 முதல் ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை பெருக்கி 1 கூட்டினால், விடை அந்தப் பகா எண்ணால் வகுபடும். 7க்குப் பாருங்கள்: 6 வரை பெருக்கினால் 720. 1 கூட்டினால் 721, அதாவது 7×103. இன்று இது வில்சன் தேற்றம் எனப்படுகிறது. 1771இல் லக்ராஞ்சு இதை நிரூபித்தார்.

இதே பெருக்கலில் இன்னொரு கேள்வியை எழுப்பியவர் எஸ். எஸ். பிள்ளை. 1901இல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். நம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் படித்து, உலகறிந்த கணித அறிஞரானார். 1950இல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

அவர் கேள்வி இதுதான். 4 வரை பெருக்கி 1 கூட்டினால் 25. அதை வகுக்கும் பகா எண் 5. அதில் 1 கழித்தால் 4, அது 4ஆல் வகுபடும். 5 வரை பெருக்கி 1 கூட்டினால் 121. அதை வகுப்பது 11. 1 கழித்தால் 10, அது 5ஆல் வகுபடும். எப்போதும் இப்படித்தானா?

1 முதல் 7 வரை ஒவ்வொன்றும் சரியாக வருகிறது. எட்டில் உடைகிறது. 8 வரை பெருக்கி 1 கூட்டினால் 40,321, அதாவது 61×661. 61இல் 1 கழித்தால் 60, அது 8ஆல் வகுபடாது. இப்படி ஒழுங்கை உடைக்கும் பகா எண்களுக்கு இன்று 'பிள்ளை பகா எண்கள்' என்றே பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அவையும் முடிவற்றவை என நிரூபிக்கப்பட்டுள்ளது.

ஏழு முறை பொருந்தியது எட்டாவதில் பொய்யானது. நிரூபிக்கப்பட்ட விதியோ எங்கும் உடையாது. 2024 அக்டோபரில் ஒரு மாபெரும் பகா எண் அறிவிக்கப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1 கழித்தால் வருவது அது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. அதற்கு முந்தைய எண் வரை யாராலும் பெருக்கிப் பார்க்க முடியாது. ஆனாலும் இப்னுல் ஹைஸம் சொன்ன விதி அதற்கும் பொருந்தும் என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

ஹதீஸ் கலையிலும் நம் இமாம்கள் கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்தார்கள். கணக்கில் 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அடுத்த எண் அற்புதச் செய்தி வரும்போது, அனுப்பியவரிடம் அன்போடு கேளுங்கள்: எட்டாவதையும் போட்டுப் பார்த்தீர்களா?